தனியா வேலை எடுக்கப் போற டைல்ஸ் தோழர்களுக்கு: முதல் வருஷத்துக் கணக்கு

(ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரக் கட்டுமானத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது. அன்று வேலைக்குப் போய்விட்டதால் வர முடியாத தோழர்கள் பலர் கேட்டார்கள், அதனால் எழுத்தில் தருகிறோம். கொஞ்சம் நீளம்தான். முழுசா படிங்க, கூட வேலை பார்க்கிறவருக்கும் அனுப்புங்க.)



முன் வரிசையில உட்கார்ந்திருக்கிற தம்பிகளைப் பார்த்துத்தான் இன்னிக்குப் பேசுறேன். போன வருஷம் வரைக்கும் ஒரு மேஸ்திரிகிட்ட நாள் கூலிக்குப் போயிட்டு, இப்ப "இனிமே நானே வேலை எடுத்துச் செய்யப் போறேன்"னு கிளம்பியிருக்கிறவங்க இதில நிறைய பேர் இருக்கீங்க. நல்ல முடிவு. உங்க கையில தொழில் இருக்கு. ரசமட்டம் பார்க்கத் தெரியும், பாத்ரூமுக்கு வாட்டம் விடத் தெரியும், மூலையில டைல்ஸை உடையாம அறுக்கத் தெரியும். அதையெல்லாம் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கையில தொழில் இருந்தும் முதல் வருஷத்திலேயே கடனாளியாகி, மறுபடியும் அதே மேஸ்திரிகிட்ட போய் நிக்கிற ஆட்களை நம்ம வட்டாரத்தில நான் நிறைய பார்த்திருக்கேன். அது ஏன்னுதான் பேசணும்.

நம்ம ஊருக்கு இப்படித் தனியா நிக்கிற பிழைப்பு ரொம்பப் பழக்கம் இல்லாதது. ராஜபாளையத்துக்கு 1936-லேயே பஞ்சாலை வந்திருச்சு. உங்கள்ல பாதிப் பேரோட தாத்தாவோ அப்பாவோ மில்லுக்குப் போனவங்களாத்தான் இருப்பாங்க. அவங்க சம்பளச் சீட்டில ரெண்டு பிடித்தம் இருக்கும், ஈஎஸ்ஐ, பிஎஃப். ஒண்ணு 1948-ல் வந்த சட்டம், இன்னொண்ணு 1952-ல் வந்த சட்டம். மாசா மாசம் பிடிக்கும்போது முணுமுணுத்துக்கிட்டேதான் வாங்கிட்டு வருவாங்க. ஆனா அம்மாவுக்கு உடம்புக்கு முடியலன்னா ஆஸ்பத்திரி இருந்துச்சு. அக்கா கல்யாணத்துக்குக் கேட்டு வாங்க பிஎஃப் பணம் இருந்துச்சு. நீங்க எக்ஸ்எல் வண்டியில கட்டிங் மெஷினைக் கட்டி வெச்சுக்கிட்டு காலையில ஏழு மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில போறீங்களே, உங்களுக்கு அந்தச் சீட்டும் கிடையாது, பிடித்தமும் கிடையாது. விசிட்டிங் கார்டு அடிச்சதும் முதலாளி ஆயிட்டோம்னு ஒரு நினைப்பு வருது பாருங்க, அதுதான் முதல் ஆபத்து. முதலாளிக்கு இருக்கிற கையிருப்பும் உங்ககிட்ட இல்லை, தொழிலாளிக்கு இருந்த பாதுகாப்பும் இல்லை. ரெண்டுக்கும் நடுவில நிக்கிறீங்க.

சரி, கணக்குக்கு வருவோம். ரேட்டு ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும், அதனால இந்த எண்களை ஒரு உதாரணத்துக்கு மட்டும் வெச்சுக்கங்க. 800 சதுர அடி தரை. லேபர் ரேட்டு சதுர அடிக்கு 25 ரூபாய்னு பேசுறீங்க. மொத்தம் 20,000. நீங்களும் ஒரு கையாளும் சேர்ந்து ஒரு நாளைக்கு 100 சதுர அடி, எட்டு நாள்ல முடிஞ்சிரும்னு மனசில கணக்குப் போடுறீங்க. கையாளுக்கு 700 வீதம் 5,600. பெட்ரோல், டீ, வடை எல்லாம் நாளைக்கு 150 வெச்சா 1,200. பிளேடு, மெஷின் தேய்மானம் ஒரு 700. செலவு மொத்தம் 7,500. மிச்சம் 12,500. எட்டால வகுத்தா நாளைக்கு 1,562 ரூபாய். கூலிக்குப் போனா 1,000 தான் கிடைச்சுது. "அடடா, இத்தனை நாள் ஏமாந்துட்டோமே"ன்னு தோணுது இல்லையா?

இப்ப சைட்டில என்ன நடக்குதுன்னு பாருங்க. திங்கட்கிழமை போறீங்க, டைல்ஸ் லாரி வரல. கையாளைக் கூட்டிட்டு வந்துட்டீங்க, அவன் வீட்டிலயும் அடுப்பு எரியணும், சும்மா அனுப்ப முடியாது. ரெண்டு நாள் போச்சு. பதிச்சு முடிச்சதும் ஜாயிண்ட் அடைச்சு, சிமெண்ட் கறையைச் சுரண்டி, ஆசிட் போட்டுக் கழுவிக் கொடுக்க இன்னும் ரெண்டு நாள். எட்டு நாள் பன்னிரண்டு நாள் ஆச்சு. அந்த நாலு நாளைக்கும் கையாள் கூலி 2,800, பெட்ரோல் டீ 600. ஆக 12,500-ல 3,400 போய் 9,100. பன்னிரண்டால வகுத்தா 758. கூலிக்குப் போயிருந்தா கிடைச்சிருக்கிற 1,000-த்தை விடக் கம்மி. இது இதோட நிக்கல. வீட்டுக்காரர் என்ன சொல்றாரு? "தம்பி, பால் காய்ச்சி முடிச்சதும் வாங்கிக்கோப்பா, எங்க ஓடிப் போயிரப் போறேன்." 4,000 பாக்கி நின்னு போச்சு. கையில வந்தது 5,100. நாளைக்கு 425 ரூபாய். சித்தாளுக்குக் கொடுக்கிற கூலியை விடக் கம்மியா ஒரு மேஸ்திரி வாங்கிட்டுப் போறாரு, கார்டில "ப்ரொப்ரைட்டர்"னு போட்டுக்கிட்டு.

சிரிக்கிறீங்க. சிரிங்க. ஆனா இன்னிக்கு ராத்திரி வீட்டுக்குப் போய் கடைசியா செஞ்ச மூணு வேலைக்கு இந்தக் கணக்கை ஒரு நோட்டில போட்டுப் பாருங்க. வேலைக்கு ஆன நாளை எண்ணுங்க, பதிச்ச நாளை மட்டும் எண்ணாதீங்க. வேலை கிடைக்காம கவிழ்ந்தவனை விட, முடிச்ச வேலைக்குக் காசு கைக்கு வராம கவிழ்ந்தவன்தான் நம்ம தொழில்ல அதிகம்.

அதனால வேலை பேசும்போதே நாலு விஷயத்தைப் பேசிரணும். ஸ்கர்ட்டிங் தனி, ரன்னிங் அடிக் கணக்கு. "அதெல்லாம் சேர்த்துத்தானேப்பா"ன்னு கடைசி நாள்ல கேட்பாங்க, அப்பச் சொல்லி பிரயோஜனம் இல்லை. படிக்கட்டு தனி. பழைய தரையைக் கொத்தி எடுக்கிறது தனி, அந்த ரப்பிஷை யார் அள்ளுறதுன்னும் கேட்டுக்கணும். மெட்டீரியல் வராம ஆள் சும்மா நின்னா அந்த நாள் கூலி யாரு கணக்கு? இதைக் கேட்க நமக்குக் கூச்சம். தெரிஞ்சவர், நம்ம தெருக்காரர், சொந்தக்காரங்க சொல்லி அனுப்பினவர். தெரிஞ்சவர்னாலதான் முன்னாடியே பேசணும், பின்னாடி பேசினா உறவும் போகும், காசும் போகும்.

பேசினதை எழுதுங்க. பத்திரம் வேண்டாம், வக்கீல் வேண்டாம். ஒரு கட்டம் போட்ட நோட்டில எந்த ரூம், எத்தனை சதுர அடி, என்ன ரேட்டு, எப்ப எவ்வளவு பணம்னு எழுதி, அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வீட்டுக்காரர் வாட்ஸ்அப்புக்கு அனுப்புங்க. "சார், பேசினபடி சரியா?"ன்னு கேளுங்க. "சரி"ன்னு ஒரு வார்த்தை வந்திருச்சுன்னா அதுதான் உங்க பத்திரம். பணத்தை ரூம் ரூமா வாங்குங்க. தொடங்கும்போது கால் பங்கு. ஹால் முடிஞ்சா ஒரு பங்கு, பெட்ரூம் முடிஞ்சா ஒரு பங்கு. ஜாயிண்ட் அடைக்கிற பவுடரைக் குழைக்கிறதுக்கு முன்னாடி பாக்கி பத்தில ஒரு பங்குக்கு மேல நிக்கக் கூடாது. ஜாயிண்ட் அடைச்சுத் தரை பளபளன்னு ஆயிட்டா அதுக்கப்புறம் உங்களுக்கு அந்த வீட்டில பிடிமானமே இல்லை.

இன்ஜினியர் மூலமா வர்ற வேலை வேற மாதிரி. அங்க ரேட்டு கம்மி, ஆனா வேலை தொடர்ந்து வரும். முதல் வருஷத்தில அதை முழுசா விடவும் வேண்டாம், அதையே நம்பி நிக்கவும் வேண்டாம். ஒரே ஆள்கிட்ட மூணு சைட்டுப் பாக்கி சேர்ந்திருச்சுன்னா நாலாவது சைட்டைத் தொடாதீங்க. தொட்டா முதல் மூணுக்கும் சேர்த்து அவர்தான் தேதி சொல்வாரு. இடையில ஒண்ணு சொல்லிடுறேன். "வடக்கத்திப் பையங்க வந்து ரேட்டைக் கெடுத்துட்டாங்க"ன்னு டீக்கடையில பேசுறீங்க. அந்தப் பையன் வாங்குற ரேட்டை அவன் போடல, கூட்டிட்டு வந்தவர் போட்டது. நமக்குக் கம்மியாக் கொடுக்கிற கைதான் அவனுக்கு இன்னும் கம்மியாக் கொடுக்குது. கோபத்தைச் சரியான விலாசத்துக்கு அனுப்புங்க.

அடுத்தது மாசக் கணக்கு. மில்லுக்குப் போனவருக்கு பன்னிரண்டு மாசமும் ஒரே மாசம்தான். நமக்கு அப்படி இல்லை. ஆடியிலயும் மார்கழியிலயும் நம்ம பக்கம் யாரும் பால் காய்ச்ச மாட்டாங்க. ஆவணி முகூர்த்தத்துக்கும் தை முகூர்த்தத்துக்கும் முன்னாடி எல்லா வீட்டுக்காரரும் ஒரே நேரத்தில "அவசரம், அவசரம்"பாங்க. அப்ப மூணு வேலையை ஒண்ணா ஒத்துக்கிட்டு, ஒரு நாள் இங்க ஒரு நாள் அங்கன்னு ஓடி, மூணு பேர்கிட்டயும் கெட்ட பேர் வாங்குற ஆள் உண்டு. ரெண்டுக்கு மேல ஒத்துக்காதீங்க. ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஊரே திரண்டு நிக்கும், அந்த மாசம் நம்ம கரண்டிக்கு வேலை குறைஞ்சு நிக்கும். அதே மாதிரி ஐப்பசி, கார்த்திகை மழையில பூச்சு காயாது, அதனால நம்ம முறை தள்ளிக்கிட்டே போகும். நல்லா ஓடுற மாசத்தில ஒவ்வொரு சனிக்கிழமையும், கையாள் சம்பளம் கொடுத்த கையோட, ஒரு தொகையைத் தனி அக்கவுண்டில போட்டுருங்க. ஒரு மாசத்து வீட்டுச் செலவு அதில சேர்ற வரைக்கும் புது மெஷின், புது வண்டி எதுவும் வேண்டாம்.

டைல்ஸ் எண்ணுறதில ஒரு விஷயம். கடையில "ரெண்டுக்கு ரெண்டு டைல்ஸ், பெட்டிக்கு நாலு, பதினாறு சதுர அடி"ன்னு வாயில சொல்லிருவாங்க. அட்டையில பாருங்க, 600 மில்லிமீட்டர்னு போட்டிருக்கும். ரெண்டு அடிங்கிறது 609 மில்லிமீட்டருக்கு மேல. அதனால பெட்டிக்கு பதினாறு வராது, பதினஞ்சரைதான். 800 சதுர அடிக்கு 50 பெட்டி எழுதிக் கொடுத்தீங்கன்னா வர்றது 775. சேதாரமே இல்லாம 25 சதுர அடி இடிக்கும். நூத்துக்கு அஞ்சு சேதாரம் சேர்த்தா 55 பெட்டி வேணும். "குறைஞ்சா அப்புறம் வாங்கிக்கலாம்"ங்கிறது பெரிய வம்பு. நமக்கு வர்ற டைல்ஸ்ல பெரும்பாலானது குஜராத்ல மோர்பியில இருந்து வருது. அடுத்த லோடு வேற பேட்ச்சா இருந்தா நிறம் ஒரு மயிரிழை மாறும், ஹால் நடுவில அது பளிச்சுன்னு தெரியும். பழி யார் மேல? கடைக்காரர் மேலயா? அதனால பெட்டி இறங்கும்போதே ஷேடு நம்பர், பேட்ச் நம்பரைப் போட்டோ எடுத்து வெச்சுக்கங்க.

"ஆறு மாசத்தில டைல்ஸ் தூக்கிருச்சு"ன்னு போன் வர்றதுதான் முதல் வருஷத்தில பேரைக் கெடுக்கிறது. நம்ம ஊர் சித்திரை வெயில் உங்களுக்குத் தெரியும். டைல்ஸும் தரையும் சூட்டில விரியும். இடைவெளி விடாம ஒட்டி ஒட்டிப் பதிச்சா விரியறதுக்கு இடம் இல்லாம நடுவில கூடாரம் மாதிரி எழும்பும். ரெண்டு மில்லிமீட்டர் ஸ்பேசர் போடுங்க. வீட்டுக்காரர் "கோடு தெரியக் கூடாது, ஒட்டிப் போடு"ம்பார், அப்படிப் போட முடியாதுன்னு நீங்க சொல்லணும். சுவர் ஓரத்திலயும் இடம் விடுங்க, அது ஸ்கர்ட்டிங்குக்கு உள்ள மறைஞ்சிரும். இன்னொண்ணு, பழைய செராமிக் டைல்ஸைத் தண்ணியில ஊறப்போட்டு, சிமெண்ட் பால் ஊத்திப் பதிச்ச பழக்கம் நமக்கு. விட்ரிஃபைடு டைல்ஸ் அரை சதவீதம் கூடத் தண்ணி குடிக்காது. சிமெண்ட் பால் உள்ள இறங்கிப் பிடிக்க வழியே இல்லை. அதுக்குப் பேஸ்ட்தான். மூட்டையில ஐஎஸ் 15477-ன்னு இருக்கான்னு பார்த்து வாங்கச் சொல்லுங்க. செலவுக்குப் பயந்து வீட்டுக்காரர் வேண்டாம்னா, "பேஸ்ட் வேண்டாம் என்று சொன்னார்"னு அதே நோட்டில எழுதி அனுப்புங்க. பதிச்ச மறுநாள் ஒவ்வொரு டைல்ஸையும் தட்டிப் பாருங்க, பொக்குன்னு சத்தம் வந்தா அன்னிக்கே எடுத்துருங்க. அன்னிக்கு ஒரு டைல்ஸ் போகும். ஆறு மாசம் கழிச்சு ஒரு தெருவே போகும்.

உடம்பைப் பத்தி. இதுக்கு மட்டும் ரெண்டு நிமிஷம் கவனமா கேளுங்க. கட்டிங் மெஷின்ல காய்ஞ்ச டைல்ஸை, கிரானைட்டை அறுக்கும்போது வெள்ளையாப் பறக்குது பாருங்க, அதில சிலிக்கா இருக்கு. நுரையீரல்ல போய்ப் படியும், திரும்ப வராது. சிலிகோசிஸ்னு பேரு. அதைக் குணமாக்குற மருந்து இல்லை. இப்ப கிச்சன் மேடைக்குக் குவார்ட்ஸ் கல்லுன்னு செயற்கைக் கல் வருதே, அதில சிலிக்கா இன்னும் ரொம்ப அதிகம். அந்தக் கல்லை அறுத்த இளம் தொழிலாளிகளுக்கு இந்த நோய் வந்ததால ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1-ல் இருந்து அதைத் தடையே பண்ணிருச்சு. உலகத்திலேயே முதல் நாடு அதுதான். இங்க நம்ம பையன் வாயில துண்டைக் கட்டிக்கிட்டு அறுக்கிறான். துண்டு அந்தத் தூசியை நிறுத்தாது. தண்ணி விட்டு அறுங்க, வீட்டுக்கு வெளிய வெச்சு அறுங்க, என்95 மாஸ்க் போடுங்க. தண்ணி விட்டு அறுக்கும்போது கரண்டு விஷயத்தில விளையாடக் கூடாது. ஒயரை உரிச்சு, தீக்குச்சி வெச்சு பிளக்கில சொருகுற பழக்கத்தை இன்னிக்கோட விட்டுருங்க. மூணு பின் பிளக் மாட்டுங்க, எர்த் இல்லாத சைட்டில ஈரத்தில மெஷினை ஓட்டாதீங்க. உங்க கையாளும் அங்கதான் நிக்கிறான். அவனை வேலைக்குக் கூட்டிட்டு வந்தவர் நீங்க, அவனுக்கு இப்ப நீங்கதான் பதில் சொல்லணும். நாம நம்ம மேஸ்திரிகிட்ட எதையெல்லாம் கேட்டுச் சண்டை போட்டோமோ, அதையெல்லாம் அவனும் உங்ககிட்ட கேட்பான். கேட்க விடுங்க.

கடனுக்கு வர்றேன். மெஷின் வாங்க, வண்டி வாங்கன்னு வாரவட்டிக்கும், வீட்டம்மா பேர்ல குழுக் கடனுக்கும் போறீங்க. வேலைக் காசு ரெண்டு மாசம் கழிச்சு வரும், தவணைக்காரர் திங்கட்கிழமை காலையில வாசல்ல நிப்பாரு. இந்த ரெண்டு தேதியும் ஒத்துப் போகவே போகாது. கந்துவட்டிக்கு எதிரா 2003-லேயே தமிழ்நாட்டில சட்டம் இருக்கு. இருந்தும் 2017 அக்டோபர்ல நெல்லை கலெக்டர் ஆபீஸ் வாசல்ல ஒரு குடும்பத்தையே பறிகொடுத்தோம். கடன் வாங்கித்தான் ஆகணும்னா முதல்ல பேங்குக்குப் போங்க. முத்ரா திட்டத்தில 50,000 ரூபாய் வரைக்கும் சிசுன்னு ஒரு பிரிவு இருக்கு, அதுக்குப் பிணை கேட்கக் கூடாது. பேங்கில இழுத்தடிச்சா தனியா அலையாதீங்க, சங்கத்தில வந்து சொல்லுங்க, கூட வர்றோம்.

காசு கொடுக்காதவரை என்ன பண்றது? வீட்டு வாசல்ல போய்ச் சத்தம் போட்டா அவர் ஸ்டேஷன்ல புகார் கொடுப்பாரு, கேஸ் நம்ம மேல திரும்பும். விருதுநகர் மாவட்டத்துக்கே மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூர்லதான் இருக்கு. வேற மாவட்டத்துக்காரன் அதுக்கு எவ்வளவு தூரம் பஸ் ஏறணும், நமக்குப் பக்கத்து ஊரு. அங்க இருக்கிற சட்டப் பணிகள் ஆணைக்குழுவில, வழக்குப் போடுறதுக்கு முன்னாடியே மனுக் கொடுக்கலாம், கோர்ட் கட்டணம் கிடையாது. எதிர்த்தரப்பைக் கூப்பிட்டுப் பேசுவாங்க. லோக் அதாலத்தில சமரசம் ஆயிட்டா அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அதுக்கு மேல அப்பீலும் இல்லை. செஞ்ச வேலைக்குக் காசு கேட்டு வழக்குப் போட மூணு வருஷம் வரைக்கும் டைம் இருக்கு, அதைத் தாண்ட விட்டுராதீங்க. அங்க போகும்போது கையில என்ன இருக்கணும்? அந்த நோட்டுப் பக்கமும் "சரி"ன்னு வந்த வாட்ஸ்அப்பும்.

கடைசியா வாரியம். தனியா வேலை எடுத்ததும் நிறைய பேர் "நான் இப்ப காண்ட்ராக்டர், எனக்கு எதுக்கு வாரிய அட்டை"ன்னு புதுப்பிக்காம விட்டுருறாங்க. 1982-ல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்து, 1994-ல் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் அமைஞ்சது. சும்மா வரல, தெருவில இறங்கி வாங்கினது. கட்டடம் கட்டுறவங்ககிட்ட இருந்து கட்டுமானச் செலவில 1 சதவீதம் அந்த வாரியத்துக்கு வசூலாகுது. நீங்க பதிக்கிற ஒவ்வொரு டைல்ஸிலயும் அந்தப் பணம் இருக்கு. பிள்ளைங்க படிப்புக்கு, கல்யாணத்துக்கு, விபத்துக்கு, 60 வயசுக்கு மேல ஓய்வூதியத்துக்கு அது உங்களுக்குச் சேர வேண்டியது. உங்க அப்பா சம்பளச் சீட்டில இருந்த அந்த ரெண்டு பிடித்தத்துக்குப் பதிலா உங்களுக்கு இருக்கிறது இது ஒண்ணுதான், அதையும் விட்டுட்டா எப்படி? கரண்டி பிடிச்சு முட்டி போட்டு உட்கார்ற வரைக்கும் நீங்க தொழிலாளிதான். கையாளையும் பதிவு பண்ண வைங்க. அதோட பேங்கில வருஷத்துக்கு 20 ரூபாய் பிடிக்கிற விபத்துக் காப்பீடு இருக்கு, ரெண்டு லட்சம். ஒரு டீ, ஒரு வடைக் காசு.

பதிவுக்கும் புதுப்பிக்கவும் ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்க. பழைய அட்டை இருந்தா அதையும் கொண்டு வாங்க, தேதி முடிஞ்சு போச்சான்னு பார்த்துச் சொல்றோம். பாக்கி நிக்கிற தோழர்கள் யார்கிட்ட எவ்வளவு, என்ன தேதியில வேலை முடிஞ்சதுன்னு ஒரு தாள்ல எழுதிக் கொடுங்க. வர்ற வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எல்லா மனுவையும் சேர்த்து எடுத்துட்டுப் போறோம், முடிஞ்சவங்க கூட வாங்க.